வேண்டாம் என்று சொல்ல விடாதவர்

மெத்தைக் கடையில் அவருக்கு வைத்த பேர் இதுவா-அதுவா. பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளப் பட்டியலோடு சரி. முதலாளியம்மாவிலிருந்து வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் இதுவா-அதுவாதான். கூப்பிட்டால் அவரும் கூச்சப்படாமல் திரும்பிப் பார்ப்பார்.

பேருக்குக் காரணம் உண்டு. "மெத்தை வேணுமா?" என்று அவர் ஒருத்தரையும் கேட்டது கிடையாது. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களே! வந்தவரை நல்ல மெத்தையாகப் பார்த்துப் படுக்க வைப்பார். தலைமாட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "உங்களுக்குக் கெட்டியா இருந்தா பிடிக்குமா, மெத்துன்னு இருந்தா பிடிக்குமா?" என்பார். மெத்தென்று இருக்கட்டும் என்றால், "நீலமா, சாம்பல் கலரா?" நீலம் என்றால், "சனிக்கிழமை அனுப்பட்டுமா, ஞாயித்துக்கிழமையா?" வந்தவர் ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லி முடிப்பதற்குள் வியாபாரம் முடிந்திருக்கும். தலையணை உறை வாங்க அல்லவா போனோம் என்பது பாதிப் பேருக்கு வீட்டுக்குப் போகிற வழியில்தான் உறைக்கும்.

இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தவர், கழுத்தில் டை கட்டிக்கொண்டு வந்து ஒரு நாள் பயிற்சி நடத்திய ஓர் ஆசாமி. "கேள்வியில வேணாம்ங்கறதுக்கு இடமே வைக்காதீங்க. கேட்டுட்டு வாயை மூடிக்கங்க. அப்புறம் முதல்ல யார் வாயைத் திறக்கறாங்களோ அவங்க தோத்தாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார் அவர். மற்ற விற்பனையாட்கள் டீயைக் குடித்துவிட்டுக் கேட்டதை மறந்தார்கள். நம் ஆளுக்கு மட்டும் அது வேதவாக்காகிவிட்டது. ஏனென்றால் 'வேண்டாம்' என்ற சொல் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. மெத்தையைத்தான் வேண்டாம் என்கிறார்கள் என்று புத்திக்குத் தெரியும். மனசுக்குத் தெரியாது. தன்னையே வேண்டாம் என்று தள்ளிவிட்டதுபோல முகம் சுண்டிப்போகும்.

கடையில் பழகியது வீட்டிலும் தொற்றிக்கொண்டது. எதிர்த்த கட்டடத்தில் டைப்பிஸ்டாக இருந்த பெண்ணிடம், "கல்யாணத்தை இந்த வருஷம் வச்சுக்கலாமா, அடுத்த வருஷம் வச்சுக்கலாமா?" என்று கேட்டவர் அவர். "முதல்ல உங்களைக் கட்டிக்க எனக்கு இஷ்டமான்னு கேளுங்க" என்று அந்தப் பெண் பட்டென்று சொன்னாள். வியர்த்து விறுவிறுத்து அதையும் கேட்டார். அவள் சரி என்றாள். இன்றைக்கும் அந்த அம்மாள் பிடி கொடுப்பதில்லை. "வெண்டைக்காயா, கத்தரிக்காயா?" என்றால், "ரெண்டும் வேணாம், முட்டைக்கோஸ்" என்பாள். "உலகத்துலயே உங்ககிட்ட எதையும் வாங்காத ஒரே ஆள் நான்தான்" என்று அவளுக்கு ஒரு பெருமை வேறு.

அவருடைய அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி காலமான பிறகும் பணிமனைத் திருப்பத்தில் இருந்த தன் சின்ன வீட்டில் தனியாகவே காலம் தள்ளினார். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, திரும்புகிற ஒவ்வொரு பஸ்ஸுக்கும் மார்க் போடுவார். "இவன் பிரேக்கை மிதிக்கல, உதைக்கறான்" என்பார். "பாரு, இவன் திரும்பினா உள்ள நிக்கறவங்க கம்பியைக்கூடப் பிடிக்க வேணாம்" என்பார். சாயங்காலமானால் டீக்கடைக்குப் போவார். அங்கே அந்தக் காலத்தில் அவரோடு ஒரே பஸ்ஸில் வேலை பார்த்த கண்டக்டர் காத்திருப்பார். இரண்டு பேரும் உட்கார்ந்து, யார் தப்பால் பஸ் எந்த நாள் தாமதமானது என்று சண்டை போடுவார்கள். அந்தச் சண்டை தீர்ந்துவிடக் கூடாது என்பதில் இரண்டு பேருமே கவனமாக இருந்தார்கள்.

ஒரு நாள் அப்பா டீக்கடைக்கு வரவில்லை. கண்டக்டர் போய்க் கதவைத் தட்டினார். குளியலறை ஈரத்தில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் அப்பா தரையிலேயே கிடந்தார். எலும்பு எதுவும் முறியவில்லை, முழங்கை மட்டும் வீங்கியிருந்தது. மகன் அலறியடித்துக்கொண்டு போனபோது அப்பா ஐஸ் மூட்டையை முழங்கையில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். மகனால் சிரிக்க முடியவில்லை. கண்டக்டர் வராமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு அவரைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு ராத்திரியெல்லாம், கடையிலேயே உசத்தியானது என்று வீட்டுக்கு வாங்கிப் போட்ட மெத்தையில் படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தபடி விழித்துக்கிடந்தார்.

அடுத்த வாரம் அப்பாவைப் பார்க்கப் போனார். நலம் விசாரித்தார். முழங்கையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அப்பா, நம்ம வீட்டுல உங்களுக்கு முன் ரூம் வசதியா இருக்குமா, பொண்ணோட ரூமா? அவ ஹாஸ்டல்லதானே இருக்கா."

அப்பா அவர் முகத்தையே பார்த்தார். ஏதோ சொல்ல வாய் திறந்தது. வெளியே ஒரு பஸ் திரும்பிப் போனது. வாய் மூடிக்கொண்டது.

"முன் ரூமே போதும்பா" என்றார் அப்பா.

இப்படியாக அப்பா மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மகனும் அன்றைக்கு அடித்துப் போட்டதுபோலத் தூங்கினார்.

முன் அறை நல்ல அறைதான். காற்று வரும், வெளிச்சம் வரும். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் தெரியும், அவ்வளவுதான். அப்பா எந்த வம்பும் செய்யவில்லை. அதுதான் மருமகளை உறுத்தியது. ஃபேன் போடுவதற்குக்கூட, "போட்டுக்கட்டுமாம்மா?" என்று கேட்டார். குடித்த டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தார். எத்தனை தரம் சொன்னாலும் சோபாவின் ஓரத்தில்தான் உட்கார்ந்தார். பேப்பரை வரி விளம்பரம் வரை படித்துவிட்டு, மத்தியானமே கண்ணை மூடிக்கொண்டார்.

"மாமா விருந்தாளி மாதிரியே இருக்காங்க" என்றாள் மனைவி.

"புது இடம். போகப் போகப் பழகிடும்."

"வந்து எத்தனை மாசம் ஆச்சு? இன்னும் என்ன புது இடம்?"

அவர் காதில் வாங்கவில்லை. அப்பாவின் வீட்டைச் சும்மா பூட்டி வைப்பானேன் என்று அதை வாடகைக்கு விடப் பேசி முடித்திருந்தார். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வருகிற ஞாயிற்றுக்கிழமை சாவி வாங்க வருவதாக ஏற்பாடு. அப்பாவிடம் சொன்னபோது அவர், "சரிப்பா" என்றார்.

அந்த வாரம் பார்த்துத்தான் முதலாளியம்மா அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். அந்தக் கடையில் ஒரு சலுகை உண்டு. வாங்கிய மெத்தை பிடிக்கவில்லை என்றால் ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரலாம். திரும்பி வந்த மெத்தைகளெல்லாம் பின்னாலிருந்த கிடங்கில் கூரையை முட்டிக்கொண்டு நின்றன. "அண்ணே, நீங்க கட்டிக் கொடுத்த பொண்ணுங்க எல்லாம் அம்மா வீட்டுக்கே திரும்பி வந்துடுச்சுங்க" என்று கிடங்குக்காரர் அன்று காலையில்தான் கேலி செய்திருந்தார். கடையில் அதிகம் விற்பவர் இதுவா-அதுவா. அதிகம் திரும்பி வருவதும் அவர் விற்றதுதான்.

முதலாளியம்மா திட்டவில்லை. கண்ணாடியை மூக்கில் இறக்கி விட்டுக்கொண்டு, கடைக் கேமராவில் பதிவானதைக் கம்ப்யூட்டரில் ஓட விட்டார். படம் மட்டும்தான், சத்தம் கிடையாது. திரையில் தன்னைப் பார்த்ததும் அவருக்கு ஒரு குறுகுறுப்பு. நிற்கிற தோரணை நன்றாகத்தான் இருக்கிறது, உச்சந்தலையில்தான் முடி கொட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

"உங்களைப் பாக்காதீங்க. அவங்களைப் பாருங்க" என்றார் முதலாளியம்மா.

திரையில் ஒரு கணவனும் மனைவியும். கணவன் ஷூ கால்களை வெளியே தொங்கப் போட்டுக்கொண்டு மெத்தையில் படுத்திருக்கிறான். மனைவி பக்கத்தில் நிற்கிறாள். தலைமாட்டில் நிற்கிற இவர் ஏதோ கேட்கிறார். கெட்டியா, மெத்தென்றா என்பதாகத்தான் இருக்கும். அந்தப் பெண்ணின் வாய் திறக்கிறது. இவர் வாயை மூடிக்கொண்டு, புன்னகையோடு காத்திருக்கிறார். அவள் கணவனைப் பார்க்கிறாள், தரையைப் பார்க்கிறாள். வாய் மூடிக்கொள்கிறது. கை மட்டும் ஒரு மெத்தையைக் காட்டுகிறது.

"இது திரும்பி வந்துடுச்சு" என்றார் முதலாளியம்மா.

அடுத்தது, தனியாக வந்த ஒரு வயசானவர். இவர் கேட்கிறார். அவருடைய வாய் திறக்கிறது, இரண்டொரு தரம் அசைகிறது, மூடிக்கொள்கிறது. சரி என்று தலை மெதுவாக ஆடுகிறது.

"இதுவும்தான்."

இதுவா-அதுவாவின் முகத்தில் ஈயாடவில்லை. கட்டாயப்படுத்தி விற்கிறோம் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. எல்லோரும் சிரித்த முகத்தோடு வாங்கிப் போனதாகத்தான் நினைத்திருந்தார். சத்தம் இல்லாமல் பார்த்தபோது, அங்கே சிரித்துக்கொண்டிருந்தது அவர் ஒருவர்தான் என்று தெரிந்தது. திறந்து மூடிய அந்த வாய் மட்டும் அவர் கண்ணைவிட்டுப் போகவில்லை. இதை வேறெங்கோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தார். சட்டென்று பிடிபட்டது. அந்த ஜன்னலோர நாற்காலியில் இருந்தபடி, "முன் ரூமே போதும்பா" என்று சொல்வதற்கு முன்னால் அப்பாவின் வாயும் இப்படித்தான் திறந்து மூடியது.

முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றினார். "நாளையிலேருந்து ஒரே ஒரு கேள்விதான். மெத்தை வேணுமான்னு கேளுங்க. அவங்க என்ன சொல்றாங்களோ அதைக் கேளுங்க. போதும்."

"வேணாம்னுட்டா மேடம்?"

"வேணாம்னுட்டுப் போகட்டும். வண்டி வச்சு அனுப்பி, மறுபடியும் வண்டி வச்சு எடுத்துட்டு வர்றதுக்கு, இங்கயே வேணாம்னுட்டா எனக்கு டீசலாவது மிஞ்சும்."

சொல்வது சுலபம். மறுநாள் காலை கடைக்குள் முதலில் நுழைந்தவர் பக்கத்துத் தெரு முடிதிருத்துபவர். நம் ஆள் தொண்டையைச் செருமிக்கொண்டு, பரீட்சை எழுதப் போகிறவர் மாதிரி நின்று, "உங்களுக்கு... மெத்தை வேணுமா?" என்றார்.

"பின்ன, முடி வெட்டிக்கவா உங்க கடைக்கு வந்திருக்கேன்?" என்றார் அவர்.

அடுத்து வந்தது கையில் குடையோடு ஒரு பெண்மணி. அவரையும் அதே கேள்வி கேட்டார். "வேணாங்க. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு, சும்மா பாக்கலாம்னு வந்தேன்" என்றார் அந்தப் பெண்மணி. இதுவா-அதுவாவுக்கு வழக்கம்போல முகம் சுண்டியது. நாக்கு நுனிவரை வந்துவிட்ட நீலத்தையும் சாம்பல் கலரையும் மென்று விழுங்கினார். "பரவாயில்லங்க, உக்காருங்க" என்றார். அந்த அம்மாள் ஒரு மெத்தையில் உட்கார்ந்து, கணுக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகும் கடை இருந்த இடத்திலேயே இருந்தது. வேண்டாம் என்பதற்கு அதற்குமேல் அர்த்தம் இல்லை போலிருக்கிறதே என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஆனால் அது முன்பின் தெரியாதவர்கள் சொல்கிற வேண்டாம். அப்பா சொன்னால் அதற்கு வேறு அர்த்தம். அந்தக் குளியலறை, அந்த ஈரத் தரை, திரும்பவும் தூக்கம் கெட்ட நாட்கள். கேட்காமலே இருந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை சாவி கைமாறிவிடும், பிறகு கேட்பதற்கே எதுவும் இருக்காது. அப்படியே விட்டுவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தார். நினைத்த கையோடு, தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. முதலாளியம்மாவிடம் அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மத்தியான வீட்டில் அப்பா மட்டும்தான். மனைவி ஆபீசில். முன் அறையில் பேப்பர் மடியில் கிடக்க, அப்பா பக்கத்துக் கட்டடத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, இந்நேரத்துல? உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். அப்பா, டீ போடட்டுமா, காப்பி போடட்டுமா?" கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"உனக்கு எது சுலபமோ அது."

டீ அப்புறம் ஆகட்டும் என்று எதிரே உட்கார்ந்தார். "அப்பா, இங்க இருக்கறது உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

"எனக்கென்னப்பா குறை? மருமக தங்கமான பொண்ணு. நல்லாப் பாத்துக்குது."

வேறொரு நாளாக இருந்தால் இந்தப் பதிலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போயிருப்பார். இன்று எழுந்திருக்கவில்லை.

"அதைக் கேக்கலப்பா. உங்க வீட்டை விட்டுட்டு இங்க வர உங்களுக்கு இஷ்டமான்னு அன்னைக்கு நான் கேக்கவே இல்ல. எந்த ரூம்னுதான் கேட்டேன். இப்பக் கேக்கறேன். இல்லன்னா இல்லன்னு சொல்லுங்கப்பா."

அப்பாவின் வாய் திறந்தது, மூடியது. மகன் பேசாமல் இருந்தார். கேட்டுவிட்டு வாயை மூடுவது அவருக்குப் புதிதல்ல. ஆனால் இதுவரை அப்படி மூடியதெல்லாம் எதிராளி தோற்பதற்காக. இப்போது, தான் தோற்றாலும் பரவாயில்லை, அப்பா உண்மையைச் சொல்லட்டும் என்று உட்கார்ந்திருந்தார். அப்பா பேப்பரை மடித்தார். மடித்ததை இன்னும் சின்னதாக மடித்தார்.

"பிடிக்கலப்பா" என்றார். குரலே எழும்பவில்லை. "வீட்டுக்குப் போகணும் போல இருக்கு. கோவிச்சுக்காத."

கோவிச்சுக்காத என்றதுதான் மகனைச் சுக்குநூறாக்கியது. விழுந்தால் யார் பார்ப்பார்கள், கண்டக்டருக்கும் வயசாகிறதே, மழைக்காலம் வருகிறதே என்று ஆயிரம் காரணங்கள் முண்டியடித்துக்கொண்டு வந்தன. ஒவ்வொன்றும் நல்ல காரணம், ஒவ்வொன்றையும் வைத்து அப்பாவை மடக்கிவிடலாம். அவர் எல்லாவற்றையும் உள்ளேயே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

"சரிப்பா. போலாம்" என்றார்.

சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். பிறகு டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்தார்.

சாயங்காலம் மனைவியிடம் சொன்னபோது அவள் கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் நின்றாள். "மாமா வேணாம்னாங்களா? நீங்களும் சரின்னுட்டீங்களா?" என்று கேட்டு, அவர் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் ஒன்றும் இல்லை. வைத்த கையை உடனே எடுத்துவிடவும் அவளுக்கு மனசு வரவில்லை. வாடகைக்கு வர இருந்த ஜோடிக்கு அவர் போன் செய்தார். அந்தப் பையன் கன்னாபின்னாவென்று கத்தினான். அவன் கோபம் நியாயமானது என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடை சகாக்களிடம் சொல்லி அவர்களுக்கு வேறு வீடு பார்த்துக் கொடுப்பதாக ஒத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும், வழுக்காத ரப்பர் விரிப்பும் போட்டாயிற்று. போடலாமா என்று கேட்டுவிட்டுத்தான். "கம்பி போடு, அந்த விரிப்பு நிறம்தான் கண்றாவியா இருக்கு" என்றார் அப்பா. பல மாதங்களுக்குப் பிறகு அவர் குறை சொன்ன முதல் விஷயம் அது. கண்டக்டர் வாசலிலேயே நின்று, "வந்துட்டாரு தொரை. எனக்குச் சண்டை போட ஆளில்லாம வாய் துருப்பிடிச்சுப் போச்சு" என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் வருவதாகப் போனார்.

அப்பா நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு பஸ் திரும்பியது. "கிளச்சை அழுத்தாமலே கியரை மாத்தறான் பாவி" என்றார், ஏதோ விருந்து சாப்பிட்டவர் மாதிரி. மகன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கிளம்ப வேண்டிய நேரம். எழுந்திருக்கத்தான் கால் வரவில்லை.

"எனக்குப் பயமா இருக்குப்பா" என்றார்.

"எனக்கும்தான் இருக்கு. அதுக்காக?"

இன்னொரு பஸ் திரும்பிப் போனது. மகன் அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கே வேணாம்னு சொல்லியிருக்கலாமேப்பா. இத்தனை மாசம் ஏன் அங்க வந்து கஷ்டப்பட்டீங்க?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன்" என்றார் அப்பா. "உன் மூஞ்சியைப் பாத்தேன். கண்ணு ரெண்டும் பள்ளத்துல கிடந்துச்சு. நான் விழுந்ததுலேருந்து நீ தூங்கலன்னு தெரிஞ்சு போச்சு. நான் வந்து உன் கண்ணு முன்னாடி கிடந்தா நீ தூங்குவன்னு தோணுச்சு. அதான் முன் ரூம்னேன்."

ஆயிரம் பேருக்கு மெத்தை விற்றவருக்கு, தனக்காக ஒருத்தர் தன் வீட்டையே விட்டு வந்து தூக்கம் வாங்கிக் கொடுத்தது இவ்வளவு நாளும் தெரியாமல் போயிருக்கிறது.

அப்பா அவர் தலையில் கையை வைத்தார். "தூங்கினியா?"

"தூங்கினேம்பா."

"அப்புறம் என்ன?" என்றார் அப்பா. "இருட்டறதுக்குள்ள கிளம்பு. மருமக தேடும்."